இந்த வரிசை முடியட்டும்

எங்கள் வீட்டில் கையால் பின்னிய கம்பளிப் போர்வைகள் எட்டு இருக்கின்றன. வீடு இருப்பது நங்கநல்லூரில்.

இதைக் கேட்டவர்கள் மின்விசிறியை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்படியா, சந்தோஷம்" என்பார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒருதரம், 1905 ஜனவரியில் ஒருதரம். அதற்கப்புறம் இந்த ஊர் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததில்லை. மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எங்கள் தெருவே தப்பித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் டெல்லி. எனக்கு அங்கே மத்திய அரசு உத்தியோகம், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், வருஷத்துக்கு இரண்டரை மாதம் எலும்பைத் துளைக்கும் குளிர். அந்த நாட்களில் மதிய இடைவேளையில் அலுவலகப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் விழும் இடமெல்லாம் பெண்கள். மடியில் வேர்க்கடலை, கையில் ஊசி. உள்ளே ஒரு கோப்பு மேஜை விட்டு மேஜை நகராது. வெளியே ஸ்வெட்டரின் கை மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும்.

என் மனைவி கும்பகோணத்துப் பெண். குளிர் என்றால் மார்கழி மாதத்து விடியற்காலைக் கோலத்தோடு சரி என்று நினைத்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி அவளைத் தன் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். இவள் இந்தியில் முதலில் கற்றுக்கொண்டது 'நமஸ்தே' அல்ல. 'ஏக் சீதா, ஏக் உல்ட்டா'. நேர்ப்பின்னல் ஒன்று, மறுபின்னல் ஒன்று. அந்தச் சொற்களை வைத்தே காய்கறிக்காரனிடமும் காலம் தள்ளினாள். கத்தரிக்காயைத் திருப்பிக் காட்டச் சொல்ல 'உல்ட்டா' தாராளமாகப் போதும்.

ஆரம்பத்தில் ஸ்வெட்டர்தான் பின்னினாள். ஸ்வெட்டரில் ஒரு தொல்லை, அதற்கு ஓர் உடம்பு தேவை. பின்னி முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். கல்யாணமான மைத்துனன் பருத்துவிடுவான். கழுத்துக்குள் தலை போனால் காது போகாது. போர்வைக்கு அந்த வம்பே இல்லை. யார் எப்படிப் பெருத்தாலும் அது போதும். இப்படித்தான் அவள் போர்வைக்கு மாறினாள். நான் பணி ஓய்வு பெற்று நங்கநல்லூருக்கு வந்த பிறகும் அவள் மாறவில்லை.

போர்வை பின்னுவது சுலபம் என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள். சோபாவில் கால் நீட்டிப் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு 50 அங்குல அகலம், 60 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தடித்த நூல், ஓரம் சுருளாமல் இருக்க எல்லா வரிசையும் சீதாவாகவே போடும் பின்னல். அங்குலத்துக்குக் குறுக்கே 4 கண்ணி, நெடுக்கே 8 வரிசை. ஆக வரிசைக்கு 200 கண்ணி, மொத்தம் 480 வரிசை. பெருக்கினால் 96,000 கண்ணி. ஏறக்குறைய லட்சார்ச்சனை, பிரசாதம்தான் கிடையாது. நிமிடத்துக்கு 30 கண்ணி போடுகிற கை என்றாலும், எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் 53 மணி நேரம் ஆகும்.

ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்ட்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால் முகப்பு வழவழவென்று அழகாக வரும். ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். நம்ப முடியாவிட்டால் பழைய பனியன் ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். திருப்பூர் இயந்திரம் போடுவதும் இதே பின்னல்தான். வெட்டிய ஓரம் உடனே சுருளும். என் பனியன்கள் இரண்டு இந்தப் பாடத்தை விருந்தினர்களுக்கு விளக்கும் பணியில் உயிர்விட்டன.

ஊசி வாங்குவது தனிக் கலை. நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர் புழங்குகிறது. அதில் 8-ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர். 12-ஆம் நம்பர் 2.75 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கடைப் பையனிடம் "பெரிசா குடுப்பா" என்றால், "இதைவிடப் பெரிய நம்பர் இல்லை சார்" என்று பன்னிரண்டை எடுத்து நீட்டுவான். அதில் ஆரம்பித்தால் போர்வை பேரனின் சஷ்டியப்தபூர்த்திக்குத்தான் தயாராகும்.

நூல் விஷயத்தில் குடும்பத் தலைவருக்கும் ஒரு பங்கு உண்டு. சிட்டமாக வருகிற நூலை அப்படியே பின்ன முடியாது, சிக்கிக்கொள்ளும். உருண்டையாகச் சுற்றியாக வேண்டும். அதற்கு ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உத்தியோக காலம் முழுவதும் யாரிடமும் கை நீட்டாதவன் என்ற பெயர் எனக்கு உண்டு. வீட்டில் அந்தப் பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. மூக்கு அரிப்பது, தொலைபேசி மணி அடிப்பது, கூரியர்க்காரர் கையெழுத்துக் கேட்பது எல்லாம் சிட்டம் மாட்டிய பிறகுதான் நடக்கும்.

பின்னிய போர்வைகள் எங்கே போகின்றன என்று கேட்பீர்கள். தானமாகப் போகின்றன. இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி பேகன். பழனி மலைப் பக்கத்தை ஆண்ட அந்த வள்ளல், மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைக் கொடுத்தான். மயிலின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் மனைவியும் கேட்பதில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், சீமந்தம் எதுவானாலும் போர்வைதான். வாங்கிக்கொண்டவர்கள் "எவ்வளவு பொறுமை மாமி உங்களுக்கு!" என்பார்கள். எதற்கும் உறை போட்டால்தான் நிம்மதி நமக்கு; டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை. மதுரையில் ஒரு வீட்டில் இவள் போர்வை வாஷிங் மெஷின் மேல் கிடந்ததை நானே பார்த்தேன். மேலே அந்த வீட்டுப் பூனை. "எதுக்கோ ஒண்ணுக்குக் கதகதப்பா இருக்கே, போதும்" என்றாள் மனைவி.

மிச்சத்தை நாங்களே பயன்படுத்தலாமே என்று ஏசி வாங்கினோம். அங்கேயும் அரசாங்கம் குறுக்கே வந்தது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள், போட்டதும் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி. 24 டிகிரியில் கம்பளி போர்த்தினால் வியர்க்கும். பதினெட்டுக்கு இறக்கினால் மின்கட்டணம் வரும்போது வியர்க்கும்.

ஆனாலும் சென்னைக்காரர்களைக் குறைவாக எடை போட வேண்டாம். உலகத்திலேயே பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸில் பதிவானது சிம்லாவிலோ ஸ்வீடனிலோ செய்ததல்ல. 2016 ஜனவரி 31 அன்று இதே சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு விரித்தது. 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். செய்தியை ஆவலோடு மனைவியிடம் சொன்னேன். "அது ஒத்தைக் கொக்கி வேலை. நம்மது ரெட்டை ஊசி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெட்டை ஊசிக்காரர்களுக்கும் ஒற்றைக் கொக்கிக்காரர்களுக்கும் நடுவில் சமரசம் பேசப் போகிறவர்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

குளிரும் இல்லை, கேட்பாரும் இல்லை. பின்னே எதற்காக இந்தப் பின்னல்? பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில் எனக்கு விடை கிடைத்தது. ஒரு வாக்கியத்துக்காக.

"இந்த வரிசை முடியட்டும்."

நம் வீடுகளில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "சும்மாத்தானே இருக்கே?" என்று எழுப்பிவிடலாம். டிவி பார்த்தாலும் எழுப்பலாம். ஊசியோடு உட்கார்ந்தவளை எழுப்ப முடியாது, ஏனென்றால் அவள் வேலை செய்கிறாள். பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்தால் ஊசியிலிருந்து கண்ணி நழுவும். ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே இறங்கும். இது உண்மை, யாரும் மறுக்க முடியாது. ஆகவே 200 கண்ணியும் முடியும்வரை, ஏறக்குறைய ஏழு நிமிடம், உலகம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நிமிடத்தில் காப்பி கேட்ட நாத்தனார் தானே போய்க் கலந்துகொள்கிறார். சண்டைக்கு வந்த மூன்றாம் மாடிக்காரர் எதற்கு வந்தோம் என்பதை மறந்து பின்னலின் நிறத்தைப் பாராட்டுகிறார். என் கண்ணாடி எனக்கே கிடைத்துவிடுகிறது.

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் பின்னல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். எலிசபெத் மகாராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். என் மனைவியின் பிழைப்பு மட்டும் எந்த இயந்திரத்தாலும் போகாது. இயந்திரம் "இந்த வரிசை முடியட்டும்" என்று சொல்வதற்குள் அந்த வரிசை முடிந்துவிடும்.

இந்த ரகசியம் பிடிபட்டதும் நானும் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ரேஷன் கடை, மாவு மில், வங்கியில் வரிசை, எல்லாவற்றுக்கும் "நீங்க சும்மாத்தானே இருக்கீங்க" என்ற ஒரே முன்னுரை. இப்போது நான் சும்மா இல்லை. கையில் 8-ஆம் நம்பர் ஊசி. மடியில் சாம்பல் நிற நூல். திட்டம் அருமையாக நடந்தது. ஒருநாள் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. மூன்று, நான்கு, ஐந்து. "என்னங்க, அடுப்பை அணைங்க." "இந்த வரிசை முடியட்டும்." "எனக்கும் வரிசை நடுவில்." அன்றைக்குத் துவரம்பருப்பு கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது. யாருக்குக் குறைந்த கண்ணி பாக்கியோ அவர் எழ வேண்டும் என்று இப்போது ஒப்பந்தம். இரண்டு பேருமே வேண்டுமென்று மெதுவாகப் பின்னுகிறோம்.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் சில யோசனைகள். முழுப் போர்வைக்கும் வேண்டிய நூலை, சுமார் ஒரு கிலோ, ஒரே தடவையில் வாங்குங்கள். சீட்டில் உள்ள லாட் நம்பர் மாறினால் சாயமும் மாறும், போர்வை பாதியில் வேறு நிறமாகும். சென்னைக்கு அக்ரிலிக் நூலே மேல். உரோமத்தைத் தின்னும் பூச்சி அதைத் தீண்டாது, அந்துருண்டைச் செலவு மிச்சம். முடிக்க அவசரப்படாதீர்கள், முடித்துவிட்டால் எழுந்திருக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் பின்னுங்கள்.