விருப்பமுள்ளோர் மட்டும்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. வீடு, பலெர்மோவின் பல்லாரோ சந்தைக்கு மேலே. கீழே வாள்மீன் விற்கிறவர் தொண்டை கிழியக் கத்துவார். மேலே நான் ஒரு சொல்லை மாற்றச்சொல்லிக் கணினி வழியே கத்துவேன். அவர் மீனை விற்றுத் தீர்த்து, பலகையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். என் சொல் அப்படியே கிடக்கும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். பைத்தானில் கட்டளை வரியைப் பிரித்து வாசிக்க ஆர்க்பார்ஸ் என்றொரு தொகுதி உண்டு. கட்டளையில் முன்னால் கோடு போட்டு வருகிறவற்றை எல்லாம் அது முன்பெல்லாம் உதவிப் பக்கத்தில் 'ஒப்ஷனல் ஆர்கியூமென்ற்ஸ்' என்ற தலைப்பின் கீழ் அடுக்கும். தந்தால் தரலாம், விட்டால் விடலாம். ஆனால் அவற்றிலொன்றைக் கட்டாயம் என்று நீங்கள் குறித்துவைத்தாலும், அதுவும் அதே தலைப்பின் கீழேதான் போய் உட்காரும். தலைப்பை நம்பி விட்டுவிட்டால், பிழைச்செய்தி முகத்தில் அடிக்கும்.

தலைப்பு ஆளை ஏய்க்கிறது என்று 2010இல் முறைப்பாடு பதிவானது. 2021 ஒக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான் அது வெறும் 'ஒப்ஷன்ஸ்' ஆனது. பதினொரு வருடம்! கூடவே ஓர் எச்சரிக்கை: பழைய வரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகளைத் திருத்த வேண்டிவரலாமாம். நாட்பட்டால் பிழைக்கும் நாலு சொந்தக்காரர் சேர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் கையேட்டில் 'விரும்பினால் கோப்பின் பெயரைத் தரலாம்' என்றொரு வரி. தராவிட்டால் நிரல் ஓடாது. 'தர வேண்டும்' என்று மாற்றினேன். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார் மேலாளர். தெரிந்தவர் கையேட்டைத் திறப்பாரா? திறக்கிறது, நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளை 'தரலாம்' என்றால் 'தரலாம்' என்றுதான் விளங்கிக்கொள்ளும். ஒருவழியாகத் திருத்தம் ஏறியது.

அந்தக் களிப்பில் இருந்தபோது, எங்கட சங்கத்து அண்ணை ஓர் அறிவித்தலைப் பிழைபார்க்கத் தந்தார். செப்ரெம்பர் 4, சாந்தா ரொசாலியா திருநாள். மொன்தே பெல்லெக்ரினோ மலைக் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கரும் சைவருமாக எங்கட சனம் நடந்தே ஏறும். 'விருப்பமுள்ளோர் வரலாம்' என்று போட்டிருந்தார். வராதவர் வீட்டுக்கு அன்று பின்னேரமே "ஏன், சுகமில்லையோ?" என்று தொலைபேசி போகும் என்பது ஊரறிந்த விஷயம்.

"அண்ணை, 'கட்டாயம் வரவேணும்' எண்டு மாத்தட்டோ?"

"விசரே தம்பி? கட்டாயமெண்டு போட்டா சனம் ஏதாவது சாட்டுச் சொல்லும். விருப்பமெண்டு போட்டா என்ன சாட்டைச் சொல்லுறது?"