54 நிமிடம்

இன்டியம் என்றோர் உலோகம் உண்டு. வெளுப்பாக மின்னும், நகத்தால் கீறினாலே தடம் விழும். எழுபதுகளில் புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து மும்பை டிராம்பேக்கு வேலைக்குப் போன எனக்கு, அந்த உலோகத்தின் மெல்லிய தகட்டைச் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி, எடை பார்த்து, எண் குறித்து அடுக்குவதுதான் முதல் வேலை. நியூட்ரானைத் தொடப் போகிறோம் என்ற நினைப்பில் பகலுணவு மறந்துபோன நாட்கள் அவை. முதல் வேலையின் அந்தப் பூரிப்பு உங்களுக்கும் இருந்திருக்கும்.

அங்கே ஜெர்லினா என்றோர் அணு உலை. 1961 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது, வெறும் 100 வாட். மின்சாரத்துக்காகக் கட்டியதல்ல, யுரேனியத் தண்டுகளைக் கனநீரில் எந்த இடைவெளியில் தொங்கவிடலாம் என்று சோதித்துப் பார்க்கக் கட்டியது. கோலத்துக்கு நேர்ப்புள்ளி வைப்பதா, ஊடுபுள்ளி வைப்பதா என்று வாசலில் அம்மா யோசிப்பாரே, அந்த யோசனைதான் இங்கும். தண்டுகள் நெருங்கினால் நியூட்ரானின் வேகம் தணிய இடம் போதாது. மிகவும் விலகினால் அடுத்த தண்டைச் சேராமலே பல நியூட்ரான்கள் தொலைந்துபோகும். தொட்டியில் கனநீரை மெல்ல மெல்ல ஏற்றி, எந்த உயரத்தில் தொடர்வினை தானாக நிலைக்கிறது என்று பார்ப்போம். அந்த உயரம்தான் எங்கள் கணக்குக்கு முதல்.

பிறகு தகடுகள். தண்டிலிருந்து கனநீர்ப் பக்கமாக வரிசையாய் வைத்து, சிலவற்றைக் காட்மியத்தால் மூடி (மெதுவான நியூட்ரானைக் காட்மியம் விழுங்கிவிடும், மூடியதற்கும் மூடாததற்கும் உள்ள வித்தியாசமே நாங்கள் தேடியது), உலையை ஓட்டி, நிறுத்தி, எடுத்துக்கொண்டு, கதிரியக்கத்தை எண்ணும் கவுண்டருக்கு விரைவோம். நியூட்ரானை விழுங்கிய இன்டியத்தின் கதிரியக்கம் 54 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், ஒருவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்து நேரம் சொல்ல, ஒருவர் எண்ணிக்கையை எழுத, தேநீர் ஆறிக் கிடக்க, இரவில் கிராஃப் தாளில் புள்ளிகளைக் குறித்தால், எரிபொருளுக்குள் தாழ்ந்தும் கனநீரில் உயர்ந்தும் அந்த வளைவு மெல்ல எழுந்து வரும். தங்கத் தகடு பெரிய மனசுக்காரன், 2.7 நாள் அவகாசம் தருவான். ஆனாலும் எனக்குப் பிடித்தது இன்டியத்தின் அவசரம்தான்.

உலோகத்துக்குச் செயற்கையாகக் கதிரியக்கம் ஊட்டலாம் என்பதை 1934இல் பாரிசில் கண்டவர்கள் ஐரீன், ஃபிரெடெரிக் ஜோலியோ-க்யூரி தம்பதியர். புதுச்சேரிக்காரனுக்கு அதில் ஒரு சொந்தம் தோன்றியது. பின்னாளில் பிரான்சின் ராப்சோடி உலையின் வடிவமைப்பைத் தழுவி, நம் ஊருக்கு வடக்கே கல்பாக்கத்தில் வேக ஈனுலை எழுந்து 1985இல் இயங்கியபோது அந்தச் சொந்தம் இன்னும் நெருங்கியது.

ஜெர்லினாவை 1983இல் மூடிவிட்டார்கள். 2008இல் டிராம்பேயில் இதே வேலைக்கு வேறொரு சோதனை உலை வந்தது, எனக்கு மிகுந்த நிம்மதி. இப்போது பேத்தி, கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளிய எங்கள் வீட்டில், மடிக்கணினியில் கோடிக்கணக்கான நியூட்ரான்களை ஒவ்வொன்றாக அலையவிட்டு அதே வளைவை வரைகிறாள். தகடில்லை, ஓட்டமில்லை, தண்டுகளின் இடைவெளியை மாற்ற ஓர் எண்ணை மாற்றினால் போதும். எவ்வளவு அழகான வேலை! ஆனால் அவளுடைய கணக்கு நம்பும் அடிப்படை எண்கள் எங்கெங்கோ யார் யாரோ அளந்து தந்தவை.

நேற்று முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"பிழையைப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு நேரம் ஓடணுமாம், தாத்தா."

"எங்க கவுண்டருக்கும் அதே விதிதாம்மா" என்றேன்.