பன்விலயிலிருந்து உலக வர்த்தக வழக்கு நடத்துவது எப்படி?

சர்வதேச வர்த்தகச் சட்டம் படிக்க ஜெனீவாவுக்கு டிக்கட் போடத் தேவையில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அந்தி நேரம் நில்லுங்கள். ஈரம், சாக்கு என்று சொல்லி கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். "ஏன் ஐயா?" என்றால், "வழமைதானே" என்பார். தராசு வாங்குகிறவர் கையில் இருக்கிறது. பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதிக்குப் புத்தகம் உண்டு. ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் தாவரச் சுகாதார விதிகள் 1995 முதல் நடைமுறையில் உள்ளன. பூச்சி, நோய் என்று சொல்லி ஒரு நாடு இறக்குமதியைத் தடுக்கலாம். ஆனால் விஞ்ஞான ஆதாரம் வேண்டும், தேவைக்கு மேல் இறுக்கக் கூடாது. அருமையான வாசகம். மனப்பாடம் செய்து வையுங்கள், நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்.

வழக்கு வந்தால் வேறு வேலை. 2017 டிசம்பரில், ரஷ்யாவுக்குப் போன ஒரு தேயிலைச் சரக்கில் கப்ரா வண்டு அகப்பட்டது. அது தானியக் களஞ்சியத்துப் பூச்சி. தேத்தண்ணி குடிக்கிற வழக்கம் அதற்கு இல்லை. ஆனாலும் 18ஆம் திகதியிலிருந்து இலங்கைத் தேயிலை முழுவதுக்கும் தடை. இப்போது விஞ்ஞான ஆதாரம் கேட்டுப் பெட்டிஷன் எழுத உட்காராதீர்கள். அண்ணாந்து கூரையைப் பாருங்கள், அஸ்பெஸ்டஸ். புற்றுநோய்ப் பயத்தால் 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. உலகிலேயே அதிகம் அஸ்பெஸ்டஸ் தோண்டுகிற நாடு எது? ரஷ்யா. கொழும்பு அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. டிசம்பர் 30ஆம் திகதி தேயிலைத் தடை நீங்கியது. வண்டு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். கட்சிக்காரர் வென்ற பிறகு சட்டத்தரணி கேள்வி கேட்பது தொழிலுக்கு அழகல்ல. பன்னிரண்டே நாளில் முடிந்துவிட்டதால் ஃபீஸும் கிடையாது.

ஜெனீவாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 1996இல் தேங்காய்த்துருவல் வரி தொடர்பாக பிரேசில் மேல் இலங்கை போட்ட முறைப்பாட்டைப் படியுங்கள். அது கலந்தாலோசனையைத் தாண்டவில்லை. அதே மாதிரியான வரிக்காக பிலிப்பைன்ஸ் மேன்முறையீடு வரை போனது. பிரேசில் வரி விசாரணையைத் தொடங்கிய காலத்துக்கு உலக வர்த்தக ஸ்தாபனத்தின் புதிய விதிகள் பொருந்தா என்று தோற்றது. இன்றைக்கு அந்த மேன்முறையீட்டு மன்றத்தில் உட்காரவே ஆளில்லை. 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது.

நியாயம் நம் பக்கம் இருந்தால்? அப்போதுதான் அதிக கவனம் தேவை. 2021இல் சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் உரத்தின் மாதிரியில் கெட்ட பக்டீரியா இருப்பதாக நமது தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் சொன்னார்கள். உரம் இறங்கவில்லை. நீதிமன்றம் கொடுப்பனவை நிறுத்தியது. பணம் கட்டவேண்டியிருந்த மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. 2022 ஜனவரியில், இறங்காத உரத்துக்கு சுமார் 67 இலட்சம் டொலர் கட்டினோம்.

கடைசியாக, பில் போடும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டு அகப்பட்ட டிசம்பரில் கொழுந்து பறித்தவருக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாட்சம்பளம் 730 ரூபாய். அதில் தேயிலை விலைக்கான பங்கு 30 ரூபாய்.