மாடியறைச் சபை

சேலம் அம்மாபேட்டைத் தறிக்காரத் தெருக்களின் மாடியறைச் சபைகளைப் பார்த்து, "பேராயரும் இல்லை, கேட்பாரும் இல்லை" என்று உதட்டைப் பிதுக்குவார்கள் பெரிய சபைக்காரர்கள். 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷன்காரர்களும் பெரும்பாலும் பேராயரே வேண்டாம் என்ற சுயாதீனக் கூட்டம்தான்! அவர்கள் வளர்த்த சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போய்ப் பேராயருக்குக் கீழே அமர்ந்தது. நூற்றிருபது வருஷம் பொறுத்தால் அங்கியும் வரும், சொத்து வழக்கும் வரும்.

மாடிச் சபைக்கு அவ்வளவு பொறுமையில்லை. மனஸ்தாபம் வந்தால் ஸ்பீக்கர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கம். அடுத்த தெருவில் புதுப் பலகை. "அப்போஸ்தலர் காலத்திலிருந்து எதையும் மாற்றவில்லை" என்பார் போதகர், மைக்கில் எக்கோவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு. அடுத்த போதகர் யாரென்பதில் மட்டும் குழப்பமே கிடையாது. மகன்தான் கீபோர்டு வாசிக்கிறான்.