கந்தகப் பாலங்களும் கடல் கடந்த கூந்தலும்: லூபோக் சீனா வட்டாரத்து ரீபாண்டிங் குறித்த ஒரு சிற்றாய்வு

செண்பகப் பாண்டியனுக்கு வந்த ஐயம் கூந்தலின் மணத்தைப் பற்றியது மட்டுமே. அதற்கே ஆயிரம் பொன், ஒரு தருமி, ஒரு நக்கீரர், கடைசியில் நெற்றிக்கண் என்று விவகாரம் எங்கேயோ போய்விட்டது. கூந்தல் நேராக இருக்க வேண்டுமா, நெளிந்திருக்க வேண்டுமா என்று அவன் கேட்டிருந்தால் மதுரையே மிஞ்சியிருக்காது. அவன் விட்ட இடத்தை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை, வடக்கே லிங்கி ஆறு, தெற்கே மஸ்ஜித் தானா. ஆய்வுப்பொருள், திருச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு மலாக்கா லூபோக் சீனாவுக்கு வந்த என் அண்ணியின் தலைமுடி. ஆய்வுக்கு அண்ணி ஒப்புதல் தந்தார். முடி கடைசிவரை தரவில்லை.

இலக்கியச் சான்றுகள் நேர்முடிக்கு எதிராகவே நிற்கின்றன. கூந்தலுக்கு உவமை தேடி ஆற்றங்கரைக்குப் போன சங்கப் புலவர்கள், நீர் வடிந்த கருமணலில் விழும் நெளிவரியைத்தான், அறலைத்தான், எடுத்து வந்தார்கள். ஐம்பால் என்று உரைகாரர் பட்டியல் போட்டபோதும் சுருளுக்கு இடம் கிடைத்தது, நேருக்குக் கிடைக்கவில்லை. ஆக, ரீபாண்டிங் செய்து முடியை நேராக்கிக்கொள்ளும் அண்ணியின் ஆசைக்குக் காரணம் நூலகத்தில் இல்லை. வெளியே தேட வேண்டியதாயிற்று.

முதல் கருதுகோள் வானிலை. ஜெனீவாக்காரரான ஹொராஸ் பெனடிக்ட் தெ சொசூர் காற்றின் ஈரத்தை அளக்க மனிதத் தலைமுடியை வைத்தே ஒரு கருவி செய்து, 1783இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். நன்றாகக் காய்ந்த முடி முழுக்க ஈரமேறும்போது ஏறக்குறைய 2.5 விழுக்காடு நீளும் என்பதுதான் அதன் சூட்சுமம். சொசூரின் கருவிக்கு ஒற்றை முடி போதுமாயிருந்தது. அண்ணி தலையில் சுமார் ஒரு லட்சம். திருச்சி வெயிலில் அடங்கிக் கிடந்த அத்தனையும், சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் இந்தக் காற்றுக்கு வந்ததும், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் தனித்தனியே கிளம்பிவிட்டன. மழைக்கு முன்பே எழுந்து நிற்கும். அம்மா வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மருமகள் தலையைப் பார்த்துக் கொடித்துணியை எடுக்கப் பழகிக்கொண்டார். மருமகளுக்கு இந்தப் பெருமை பிடிக்கவில்லை.

இரண்டாம் கருதுகோள் கந்தகம். இதுதான் இவ்வாய்வின் உயிர். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது, நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்த சரக்கு, டயராகும் யோக்கியதை பெற்றது. அதனால் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் பால்மரம் நட்டார். அதனால் எங்கள் பாட்டனார் கப்பலேறினார். அதனால் இந்தக் கட்டுரை. தலைமுடியின் கட்டுமானமும் ஏறக்குறைய இதேதான். கெரட்டின் என்னும் புரத இழைகளைக் கந்தகப் பாலங்கள் பிணைத்திருக்கின்றன. முடியின் எடையில் சுமார் 5 விழுக்காடு கந்தகம். நெளிந்த முடியை நெளிந்தபடியே பிடித்து வைத்திருப்பவை அந்தப் பாலங்கள்தாம். உலகம் கந்தகப் பாலம் கட்டுவதற்காகப் பாட்டி இருட்டோடு எழுந்து தோட்டத்தில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடினார், மரம் வெட்டினார், மங்கு துடைத்தார். பேரன் பெண்டாட்டி அதே பாலத்தை இடிக்க வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறார். ஒரே வேதியியலை ஒரு குடும்பம் இரு திசையிலும் நடத்திக் காட்டியிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

களப்பணி மஸ்ஜித் தானாவில், ஒரு சீனப் பெண்மணியின் சலூனில் நடந்தது. அவர் முதலில் அண்ணியின் பின்னலைக் கையில் தூக்கி எடை பார்த்தார். தோள் வரை ஒரு விலை, இடுப்பு வரை ஒரு விலை. பாட்டி காலத்திலிருந்து ‘நீளமா வளர்த்துக்கோ’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த சீதனம் இங்கே அபராதமாகிறது. பிறகு, “அடா பாக்காய் இனாய்?” என்று கேட்டார். தலைக்கு மருதாணி வைத்ததுண்டா என்று பொருள். மருதாணியென்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும், மருந்தோடு அது சண்டைக்குப் போகும். அண்ணி யோசித்து, இல்லை என்றார்.

அப்புறம் பாலங்களை இடிக்கும் தயோகிளைகோலேட் பசை. அது ஊறும்போது அந்தப் பெண்மணி அடிக்கடி ஒற்றை முடியை விரலில் சுற்றி விட்டுப் பார்த்தார். பழையபடி துள்ளிச் சுருண்டால் பாலங்கள் இன்னும் நிற்கின்றன. சுருளாமல் தளர்ந்தால் போதும். மென்ற சூயிங்கம் மாதிரி இழுபட்டால் காரியம் கெட்டது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் இல்லை, ஆள்காட்டி விரல்தான். உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த பழைய வெட்டுக்காரர்களின் கைப்பக்குவத்தோடு வைத்துப் பேசத்தக்கது. பிறகு அலசி, உலர்த்தி, கீற்றுக் கீற்றாகப் பிரித்து, 180 பாகை சூட்டில் இஸ்திரி. கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. இடித்த பாலங்களை நேர்வரிசையில் மறுபடி கட்டுவது அதன் வேலை. காலையில் போன அண்ணி மாலையில்தான் எழுந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூக்கைச் சுளித்து, “என்னம்மா, பால் ஸ்டோர் வாடை அடிக்குது?” என்றார். அம்மாவின் மூக்கு சரிதான். இறக்கிய பால் வழியில் உறைந்துவிடாமலிருக்கத் தோட்டத்தில் அம்மோனியா ஊற்றுவார்கள். அந்தப் பசையிலும் அம்மோனியாதான். பாண்டியனின் ஐயத்துக்கு இவ்வளவு பட்டவர்த்தனமான விடை வேறில்லை. கூந்தலுக்கு மணம் உண்டு, செயற்கையில்.

மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடாது, ஹெல்மெட் போடக்கூடாது. லூபோக் சீனாவில் மோட்டார் சைக்கிள் இல்லாத மூன்று நாள் என்பது வீட்டுக்காவல். அதில் ஒன்று வெள்ளிக்கிழமையாகவும் அமைந்தது. எண்ணெய்க் குளியல் ரத்து. விளக்கு வைக்கும் நேரத்தில் தலைவிரி கோலத்தோடு ஒரு பெண் கூடத்தில் நிற்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. கண்ணகிக்காவது காரணம் இருந்தது என்றார். முடிவில் அண்ணன் விளக்கேற்றினார். தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் ஏற்றினார்.

சிரிப்பை ஒரு பத்திக்கு நிறுத்த வேண்டும். கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் வரும் சில சரக்குகள் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளியிடும்; அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2022இல் அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு, முடி நேராக்கும் சரக்குகளை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு என்றும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு என்றும் கணித்தது. இவைதாம் காரணம் என்று அது அடித்துச் சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க அது போதும்.

முடி மாதம் ஒரு செண்டிமீட்டர் வளரும். வளர்வது திருச்சி முடியாகவே வளரும். தீபாவளிக்கு நேராக்கியது மாசி மகத்துக்குள் இரண்டடுக்கு வீடாகிவிட்டது. மேல்மாடி நெளிவு, கீழே நேர். மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலில் மொட்டை போடும் வரிசையைக் காட்டி, நிரந்தர வழி அதுதான் என்றார் அம்மா. அண்ணி பேசவில்லை. அன்று முழுக்கப் பழைய தோட்டத்து ஆட்கள் வந்து வந்து மருமகளின் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும்போது காரில் அம்மா கேட்டார்: “தோள் வரைக்கும்னா எவ்வளவு கேட்கிறா அந்தச் சீனம்மா?”