குந்தி எழுதல் என்னும் நான்காம் போட்டி: மல்லசமுத்திர வட்டார முதுவீரரை முன்வைத்து ஓர் ஆய்வு

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் போட்டி என்றே இத்துறையில் எழுதியவர்கள் எல்லாரும் சொல்லிவருகிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் பிறந்து, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவருக்கு அது நான்கு போட்டி. நான்காவது, ஈரக்காலோடு தரையில் உட்கார்ந்து, சாக்ஸ் மாட்டி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்பது. மற்ற மூன்றும் இதற்கு முன்னும் பின்னும் வரும் சடங்குகளே என்பது நம் கருதுகோள்.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர்: இவ்வாய்வாளரின் மாமா. மாதிரி மிகச் சிறிது என்று ஆட்சேபிப்பவர்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரியில் மேலாளராக மத்தியப் பிரதேசம்வரை போய் போர்வெல் போட்டவர். இப்போது சொந்தக் காட்டில் பருத்தி போட்டு, மல்லசமுத்திரம் கூட்டுறவுச் சங்க ஏலத்துக்கு மூட்டை கொண்டுபோகிறவர். பெங்களூரில் இருக்கும் மகன், அப்பாவின் உடம்பை உத்தேசித்து, கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியைப் பற்றிப் போனில் சொன்னான். 2019 அக்டோபரில் மிராமர் கடற்கரையில் தொடங்கிய போட்டி அது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மாமா கேட்ட முதல் கேள்வி, நடுவில் சாப்பாடு உண்டா என்பது.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியகோவில் 46 பேர் கலந்துகொண்டதே நவீன டிரையத்லானின் தொடக்கம். அயர்ன்மேன் பிறந்தது ஒரு வாய்த் தகராறில். நீந்துகிறவன் பெரியவனா, ஓடுகிறவன் பெரியவனா, சைக்கிள் மிதிப்பவன் பெரியவனா என்று ஹவாயில் எழுந்த சர்ச்சையை, ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, மூன்றையும் ஒரே நாளில் செய்துபார்த்துவிடலாம் என்று முடித்துவைத்தார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்தவர்கள் பீர் கொடுத்தார்கள். இந்தத் தகவலைக் கேட்ட பிறகுதான் மாமா விளையாட்டை மரியாதையோடு அணுகத் தொடங்கினார். இதே சர்ச்சை நம் ஊர் டீக்கடையில் எழுந்திருந்தால் யாரும் நீந்தப் போயிருக்க மாட்டார்கள். ராத்திரி கடை சாத்தும்வரை பேசியே தீர்த்திருப்பார்கள். அறிவுலக மரபு என்று பார்த்தால் அதுவே மேலானது.

நீர்நிலை குறித்து ஒரு முரணைப் பதிவுசெய்ய வேண்டும். இந்தியா முழுக்கத் தண்ணீருக்கு ஓட்டை போட்ட ஊர்க்காரருக்கு நீந்தத் தண்ணீர் இல்லை. ஆறரை இஞ்சு போரில் எப்பேர்ப்பட்டவனும் நீந்த முடியாது. திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து நுரை பொங்க வருகிறது. பாரீஸ்காரர்கள்கூட இதில் நம்மைவிட மேலல்ல. 1923 முதல் குளிக்கத் தடை செய்யப்பட்டிருந்த சேன் நதியைச் சுத்தப்படுத்தி 2024 ஒலிம்பிக்கில் நீந்தவிட்டார்கள். தண்ணீர் தரம் தேறவில்லை என்று ஆண்கள் போட்டியை ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டிவந்தது. மாமாவுக்கு மிஞ்சியது பங்காளி தோட்டத்துக் கிணறு.

அவர் சிறுவயதில் சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர். கிணற்று நீச்சலின் இலக்கணம் வேறு. தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். படியில் உட்கார்ந்திருப்பவரோடு பேச்சுத் தொடர வேண்டும், மேலிருந்து குதிக்கப்போகிறவன் மேல் ஒரு கண்ணும் வேண்டும். நாற்பதடி அகலக் கிணற்றில் 1.9 கிலோமீட்டர் என்பது 156 தடவை குறுக்கே போவது. அந்த எண்ணிக்கையைப் பாதியில் தவறவிடாமல் வைத்திருப்பது நீச்சலைவிடக் கடினம். இதற்கிடையே மூணு பேஸ் கரண்ட் வந்துவிட்டால் பங்காளி மோட்டாரைப் போட்டுவிடுவார். நீந்த நீந்த நீர்மட்டம் இறங்கும். ஏறவேண்டிய படி மேலே போய்க்கொண்டிருக்கும். கடலில் 1 மணி 10 நிமிடத்துக்குள் கரையேற வேண்டும் என்ற விதியைக் கேட்டு மாமா அஞ்சவில்லை. "கடல்ல எவனும் மோட்டார் போட மாட்டானில்ல மாப்ள?" என்று மட்டும் கேட்டுத் தெளிந்தார்.

சைக்கிளைப் பொறுத்தவரை நம் வட்டாரம் உலகத்துக்கே முன்னோடி என்பதற்குச் சான்று உண்டு. பயிற்சியாளர்கள் இன்று காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் ஓட்ட ஏற்றம், அதாவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் இடக்காலைப் பெடலில் வைத்துத் தத்தித் தத்தி வலக்காலைத் தூக்கிப் போடுவது, பால் கேனோடும் பருத்தி மூட்டையோடும் இங்கே இரண்டு தலைமுறையாக நடந்துவருகிறது. ஆனால் டிரையத்லானில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டுவதற்கு முன் ஏறக்கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜோனதன் பிரவுன்லீ கோட்டுக்கு முன்பே ஏறியதால் 15 வினாடி நின்றுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அப்படியும் வெண்கலம் வாங்கினார். மாமாவுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் இப்போதெல்லாம் ஏறுவதற்கு மைல் கல்லைத் தேடுகிறார். கோடு எங்கிருந்தாலும் கல் அதைத் தாண்டித்தான் கிடைக்கிறது.

முன்னால் போகும் சைக்கிளின் காற்று மறைவில் போகக்கூடாது, 12 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதிதான் அவரை வாட்டியது. காளிப்பட்டிச் சாலையில் டாட்டா ஏஸ் வண்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போயே வாழ்நாளைக் கழித்தவர். அருகருகே இரண்டு பேர் பேசிக்கொண்டு மிதிப்பதற்கும் தடை என்றதும், "அப்பறம் எதுக்குங்க அத்தனை பேரு?" என்றார். இக்கேள்விக்கு இத்துறையில் இதுவரை விடை காணப்படவில்லை.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர் ஓடப்போவதில்லை. நடக்கலாம் என்று விதி இருக்கிறது. அயர்ன்மேன் விதி ஓடலாம், நடக்கலாம், தவழலாம் என்கிறது. வேறு எந்த வகையிலும் நகரக்கூடாது. 1982இல் ஹவாயில் ஜூலி மாஸ் என்ற மாணவி முதலிடத்தில் வந்து, எல்லைக்கோட்டருகே கால் மடங்கி விழுந்து, தவழ்ந்தே இரண்டாவதாக முடித்தார். பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் எடப்பாடிக்காரர்களின் பக்கத்து மாவட்டத்தில் 21 கிலோமீட்டர் நடை ஒரு செய்தியே அல்ல. அங்கப்பிரதட்சிணம் அனுமதிப் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் அத்தைக்குத் தெரிவித்துவிட்டோம். அவர் ஏதோ வேண்டுதல் வைத்திருப்பதாகத் தெரிகிறது.

இனி முதன்மைப் பொருளுக்கு வருவோம்.

தண்ணீரிலிருந்து வெளியேறியவர், வரிசையாகச் சைக்கிள்கள் மாட்டியிருக்கும் டிரான்சிஷன் பகுதிக்குப் போய், ஹெல்மெட், ஷூ, சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். கடிகாரம் நிற்காது. தமிழ் ஆண்களுக்கு இங்கே ஓர் இயற்கை அனுகூலம் இருந்திருக்க வேண்டும். கிணற்றுமேட்டில், ஆற்றங்கரையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு துண்டின் மறைவில் ஈர உடுப்பை அவிழ்த்து உலர்ந்ததை மாட்டும் வித்தையில் நம்மை மிஞ்ச ஆளில்லை. மாமா அதைப் பேச்சை நிறுத்தாமலே செய்வார். போட்டி அமைப்பாளர்கள் இந்த மொத்தக் கலையையும் ஒரே அடியில் வீணாக்கிவிட்டார்கள்: தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே இறுக்கமான உடுப்பு. மகன் அனுப்பிய அந்த உடுப்பைப் பார்த்து அத்தை இதை உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மிச்சமிருப்பது சாக்ஸ். இங்கேதான் அறிவியல் துணைக்கு வருகிறது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவும் உடனிருந்தோரும் 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி 2012இல் வெளியிட்ட ஆய்வே நம் துறைக்கு முதல்நூல். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும், தள்ளாடினால் அரை. மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்களிடையே, எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட, அடுத்துவந்த ஆண்டுகளில் இறப்பு ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அதே மருத்துவர் குழு 2022இல் ஒரு வழிநூலும் தந்தது. ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்கச் சொன்னதில், 51 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. நின்றபடி சாக்ஸ் மாட்ட நினைப்பவர்கள் கவனிக்க.

நம்மவர்கள் இதில் கைதேர்ந்தவர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள். பந்தியில் சம்மணம், களத்துமேட்டில் குத்தவைத்தல், காலையில் காட்டுப்பக்கம் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்த உடம்பு! டைனிங் டேபிளும் பிளாஸ்டிக் நாற்காலியும் உயரமான கழிப்பறையும் வீட்டுக்குள் வந்த கதையைக் கொங்குநாட்டு வளர்ச்சி என்று எழுதுகிறார்கள். டிரையத்லான் நோக்கில் அது வீழ்ச்சியின் வரலாறு.

மாமாவைச் சோதித்தோம். உட்காருவதில் நாலரை, அது பூமியின் ஈர்ப்புக்குச் சேரவேண்டிய மதிப்பெண் என்பது அத்தையின் கருத்து. எழுவதில் முதலில் வலக்கை, பிறகு முழங்கால், பிறகு இடக்கை, பிறகு கயிற்றுக் கட்டிலின் கால், கடைசியில் இவ்வாய்வாளரின் தோள். மருத்துவரின் அட்டவணையில் மாப்பிள்ளையின் தோளுக்கு எத்தனை கழிப்பது என்று இல்லை. சாக்ஸ் ஒரு காலுக்கு இரண்டு நிமிடத்துக்குக் குறையவில்லை. ஈரத்தில் அது குதிகாலோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இழுக்க வேண்டுமென்றால் வயிறு வழிவிட வேண்டும்.

இது அற்ப நேரமா? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றபோது, பெண்கள் பிரிவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது இரண்டு வினாடி. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனடா வேலையிலிருந்து ஓய்வுபெற்று அறுபதில் நீச்சல் தொடங்கி, எழுபதில் முதல் டிரையத்லான் முடித்தவர். 2015இல் ஹவாய் உலகப் போட்டியில், 82 வயதில், கெடுவை ஐந்து வினாடியில் தவறவிட்டார். நாளெல்லாம் நீந்தி, மிதித்து, ஓடி, ஐந்து வினாடி! மறு ஆண்டு வந்து முடித்தார். 2018இல் 85 வயதிலும் முடித்து, அதை முடித்தவர்களில் மிக மூத்தவர் என்று கின்னஸில் ஏறினார். மாமாவின் ஒரு சாக்ஸுக்குள் இனடாவின் துயரம் இருபது முறைக்கு மேல் அடங்கும்.

இந்த இடத்தில் ஆய்வு முட்டி நின்றபோது, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, "ஏனுங்க, அந்தக் கருமத்தப் போடாமயே போனா என்னங்க?" என்றார். ஒலிம்பிக் வீரர்கள் செய்வதும் அதுதான். வெறுங்காலை ஷூவில் நுழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பத்து கிலோமீட்டர்தான் என்பதால் கொப்புளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், மாமாவுக்கு இருபத்தொன்று. தவிர, சாக்ஸ் இல்லாமல் ஷூ போடுவது வசதி இல்லாதவன் செய்கிற காரியம் என்று மாமா நம்புகிறார். கொள்கை அளவில் இது இன்னும் தீரவில்லை.

கடைசியாக வயதுப் பிரிவு. அமெச்சூர்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் பரிசு தருகிறார்கள். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுவே கணக்கு. வயது ஏற ஏறப் போட்டியாளர் குறைகிறார்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பியூடர் 2012இல் 82 வயதில் கனடா அயர்ன்மேனை முடித்தவர். அவருக்காகவே புதிய பிரிவுகள் திறக்க வேண்டியிருந்தது. எல்லாரும் வயதைக் குறைக்கப் பார்க்கும் உலகத்தில், கூட்டிச் சொல்ல ஆசைப்பட வைக்கும் ஒரே இடம் இதுதான்.

மல்லசமுத்திரத்தில் இது சிக்கலாகிறது. அவர் தலைமுறையில் பலருக்கு இரண்டு வயது: ஒன்று பாட்டி சொல்வது, இன்னொன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. வாத்தியார் போட்டது எப்போதும் ஜூன் மாதம், எப்போதும் குறைவு. சர்க்கார் வேலை கிடைத்தால் கூடுதலாக இரண்டு வருஷம் சம்பளம் வாங்கட்டும் என்ற நல்லெண்ணம். மாமாவுக்குச் சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. தை மாதம் பிறந்ததாகப் பாட்டி சொன்ன கணக்கில் அவருக்கு அறுபது முடிந்துவிட்டது. ஆதாரில் ஐம்பத்தெட்டு. உண்மை வயதில் 60-64 பிரிவில் இரண்டு முழங்கால் வலிக்காரர்களோடு போட்டி. சர்டிபிகேட் வயதில் 55-59 பிரிவில் பெங்களூர் டாக்டர்களோடு போட்டி.

"நெசமான வயசப் போட்டா ஒத்துக்க மாட்டாங்களா மாப்ள? அம்மாயி இருந்தா வந்து சொல்லும்" என்றார். பதிவுப் படிவத்தில் அம்மாயிக்கு இடமில்லை. அடையாள அட்டைதான் கேட்கிறார்கள். எனவே ஆதாரும் அறுபதைத் தொடும்வரை போட்டியை ஒத்திவைப்பது என்று முடிவாகியிருக்கிறது. உடுப்பு பீரோவில் இருக்கிறது. சாக்ஸ் பயிற்சி மட்டும் சாயங்காலங்களில், பருத்தி ஏலம் இல்லாத நாட்களில், திண்ணையில் நடக்கிறது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் கூடிவிட்டதால் அத்தை இப்போது டீ போடுவதை நிறுத்திவிட்டார்.