பானை வேர்க்குது, பாத்தியாலே?

ஏலே பேராண்டி, உச்சி வெயில்ல எங்க கெளம்பிட்ட? மே 4 பொறந்தா கத்திரி. 28 வரைக்கும் காக்காகூட வேப்பமரத்தை விட்டு எறங்காது. நீ அதைவிட வெவரமோ?

தண்ணி குடிக்கச் சொல்லி ஒன் போனு மணியடிக்குதாமே? ஒண்ணுக்குப் போறது கடும் மஞ்சளா இருந்தா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். இதைச் சொல்ல ஒரு மிசினா? ஆனா ஒண்ணு, வயசாக வயசாகத் தாகம் தெரியாது. அந்த மணியை என் கட்டில் பக்கம் வச்சிட்டுப் போ.

திண்ணையில மண்பானையைப் பாரு. மேலெல்லாம் எப்படிக் கசிஞ்சு கெடக்கு! அந்த ஈரம் காத்துல காயக்காயத்தான் உள்ள தண்ணி குளிருது. ஒன் ஒடம்புக்கும் அதே சூட்சுமந்தான். இங்க கோவில்பட்டியில வேர்வை சட்டுனு காஞ்சிரும். தூத்துக்குடியில போயி நில்லு, கடக்காத்து ஈரத்துல வேர்வை வழியுமே தவிர காயாது. இங்க சுடும், அங்க அவிக்கும். இதுல நீ கறுப்புச் சட்டை, தொடையைக் கவ்வுற சீன்ஸு! பானைக்குச் சாக்கைச் சுத்துனா நனைச்சில்லா சுத்தணும்?

நேத்து மெட்ராஸ்லருந்து வந்த மாப்பிள்ளை மூஞ்சிக்கு மூணு பூச்சு பூசிக்கிட்டு, பன்னெண்டு மணிக்குக் கரிசக்காட்டுல நின்னு படம் புடிச்சாரு. தலையில ஒரு துண்டு இல்ல. கையில நீலத் தண்ணிப் பாட்டில். வெலையைக் கேட்டேன், எனக்கு அங்கயே வேர்த்துப்போச்சு. ஒரு செம்பு நீச்சத்தண்ணி, ரெண்டு உப்புக்கல்லு, கடிச்சிக்கிட ஈராங்காயம். அது கேவலமா? வயித்தால போனா மட்டும் 1 லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணிக்கு 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளந்து போடு. கூடக்கொறையப் போடாத.

வெளாட்டு இம்புட்டுத்தான். வெயில்ல நின்னவன் ஒடம்பு அனலாக் கொதிச்சு, பேச்சு கொழறி, ஆளு தெரியாம ஒளறுனா அது சன் ஸ்ட்ரோக்கு. 104 டிகிரிக்கு மேல போனா உசுருக்கு ஒல. நெனவில்லாதவன் வாயில சோடாவைப் பொகட்டாத, பொரையேறி மூச்சடைச்சிரும். நெழலுக்குத் தூக்கு, சட்டையைக் கழட்டு, மேலெல்லாம் தண்ணியை ஊத்தி விசிறு. முதல்ல 108க்கு அடி. அதுக்கு உதவும்லே ஒன் போனு.

அப்படி என்ன சோலி? நாலு மணிக்கு மேல போ. குடை கதவுக்குப் பின்னால தொங்குது.